தூள்தான் பிரச்சினை: பெரியம்மாவின் நாலு சிலிக்கோன் முட்டிகள்

கொட்டகலைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு முழுப்பேர் விழ பெரும்பாலும் 18 கிலோ கொழுந்து கேட்கிறார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் ஒன்றிரண்டு கிலோ கூடும், குறையும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்த தளிர் ஒன்று ஒரு கிராம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்படிப் பார்த்தாலும் 18 கிலோவுக்கு 18,000 தளிர். ஒரு கிள்ளில் மூன்று நாலு சேர்ந்து வந்தாலும், கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒரு நாளைக்கு சில ஆயிரம் தடவை ஒன்றையொன்று நெரிக்க வேண்டும். மறுநாளும் அதேதான்.

எங்கள் பெரியம்மா 31 வருஷம் அப்படி எடுத்தவர். அம்மா குவைத்துக்குப் போன பிறகு அக்கா, தம்பி எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தது அந்தக் கைகள்தான். அந்தக் கையில் இன்றைக்கு நாலு சிலிக்கோன் துண்டுகள் இருக்கின்றன. அவை என்ன, அவற்றைச் சுற்றி உடம்பு என்ன செய்கிறது, அதைக் கொழுந்து எடுக்கிற ஒருவர் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறோம். தமிழில் இதைப் பற்றி வாசிக்கத் தேடினோம். எங்கள் கையில் ஒன்றும் கிடைக்கவில்லை.

பெரியம்மாவுக்கு நாற்பது வயசு தாண்டினதும் முடக்குவாதம் வந்தது. வயசானால் வருகிற மூட்டுத் தேய்வு வேறு, இது வேறு. இதில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்கும். காலையில் விரல் மடங்காது. சுடுதண்ணீரில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தால்தான் பிரட்டுக்குப் போக முடியும். "பனி நேரம், கை விறைக்கிது" என்று எல்லோரும் சொன்னார்கள், அவரும் அப்படித்தான் நம்பினார். கிளினிக்கில் பெயர் பதிந்து, கிழமைக்கு ஒரு தடவை போடுகிற மாத்திரை தொடங்கிய நேரத்தில், வலது கையின் நாலு விரல்களும் சுண்டுவிரல் பக்கமாகச் சரிந்துவிட்டன. கையைப் பொத்தினால் மேலே எழும்பி நிற்குமே, அந்த முட்டிகள் நாலும் பிசகிக் கீழே இறங்கிவிட்டன. 18 கிலோ 14 ஆனது, பிறகு 11. அரைப்பேர்தான் விழுந்தது.

ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே சத்திரசிகிச்சை டொக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, பழுதான முட்டிகளை வெட்டி எடுத்துவிட்டு சிலிக்கோன் மூட்டு வைக்கலாம் என்றார். சிங்களத்தில் பேசினார், நல்ல மனுஷன். கொழும்பில் கடையில் வேலை செய்த தம்பிக்கு சிங்களம் வரும், அவன்தான் மொழிபெயர்த்தான். பெரியம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இத வச்சா கொழுந்து எடுக்கலாமா?" டொக்டர், "மெதுவா செய்யலாம்" என்றார். அதற்குள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெளியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் "மெதுவா" என்றால் எத்தனை கிலோ? அந்தக் கேள்வியோடுதான் வீட்டுக்கு வந்து வாசிக்கத் தொடங்கினோம்.

உடம்பே கட்டுகிற மூட்டு

இந்த மூட்டை 1960களில் உருவாக்கியவர் அல்பிரட் சுவான்சன் என்ற அமெரிக்க டொக்டர். மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் ரெப்பிட்ஸ் என்ற ஊர்க்காரர். அதே மாநிலத்து டவ் கோர்னிங் கம்பனியின் சிலிக்கோன் ரப்பரில் செய்தார். பார்த்தால் ரொம்ப எளிமையான பொருள். நடுவில் மடிகிற ஒரு தடித்த பகுதி, இரண்டு பக்கமும் வால் மாதிரி இரண்டு நீட்டுகள். பழுதான எலும்பு முனையை வெட்டிவிட்டு, ஒரு வாலை உள்ளங்கை எலும்பின் குழலுக்குள்ளும் மற்றதை விரல் எலும்பின் குழலுக்குள்ளும் செருகுவார்கள். சீமெந்து கிடையாது, ஆணி கிடையாது. விரல் மடங்கும்போது வால் குழலுக்குள்ளே கொஞ்சம் முன்னும் பின்னும் அசையும். அசைய வேண்டும் என்றே அப்படி வைக்கிறார்கள்.

அப்படியானால் எது அதைப் பிடித்து வைத்திருக்கிறது? உடம்புதான். வெளியிலிருந்து வந்த ஒரு பொருளைக் கண்டால் உடம்பு அதைச் சுற்றி நார் இழையத்தால் ஓர் உறை கட்டும். தையல் நூல் உள்ளே தங்கினால் சுற்றிக் கட்டி கட்டுமே, அந்த மாதிரி. சுவான்சன் அதைத் தடுக்கப் பார்க்கவில்லை, அதையே நம்பினார். வெட்டிய மூட்டு, நடுவில் வளையும் ஒரு ரப்பர், சுற்றிலும் உடம்பு கட்டுகிற நார் உறை: இந்த மூன்றும் சேர்ந்ததுதான் புது மூட்டு என்பது அவர் கணக்கு. ரப்பர் உள்ளே நிற்கிற ஓர் இடைத்தாங்கி. மூட்டாக வேலை செய்வது அந்த உறை. பல வருஷம் கழித்து ரப்பர் முறிந்தாலும் விரல் ஓரளவு வேலை செய்துகொண்டே இருப்பது இதனால்தான்.

இதை வாசித்தபோது எங்களுக்கு ஒரு விஷயம் புரிந்தது. "இழைய எதிர்வினை" என்று வாசித்ததும் ஏதோ ஆபத்து என்றுதான் நினைத்தோம். ஆனால் இங்கே உடம்பு எதிர்வினை செய்யாவிட்டால் மூட்டே கிடையாது. எதிர்வினை எப்போது கட்டுகிறது, எப்போது அரிக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முழு இலையும் டஸ்ட்டும்

தேயிலை தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். பெரிய இலைத் தேயிலையைச் சுடுதண்ணீரில் போட்டால் சாயம் மெதுவாக இறங்கும். அதே எடைக்கு டஸ்ட் போட்டால் உடனே கறுக்கும். இலை ஒன்றுதான். பொடியாகும்போது தண்ணீர் படுகிற பரப்பு பல மடங்கு கூடிவிடுகிறது. உடம்புக்குள் சிலிக்கோனும் அப்படித்தான். முழுத் துண்டாக இருக்கும்வரை உடம்பு ஓர் உறையைக் கட்டிவிட்டு அமைதியாகிவிடும். தேய்ந்து தூளானால் கதை மாறும்.

தூளை விழுங்கவென்றே உடம்பில் கலங்கள் இருக்கின்றன. கிருமியை விழுங்கிச் செரிக்கிற அதே கலங்கள்தான். மிகச் சின்னத் துகளை ஒரு கலம் விழுங்கிவிடும். பெரிய துகள் என்றால் பல கலங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஓர் இராட்சதக் கலமாகி அதைச் சூழ்ந்துகொள்ளும். ஆனால் சிலிக்கோன் செரிக்காது. விழுங்கிய கலம் செரிக்கவும் ஏலாமல், துப்பவும் ஏலாமல், "ஆபத்து, ஆபத்து" என்று இரசாயனச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தி மூட்டுச் சவ்வை வீங்க வைக்கும். பக்கத்து எலும்பில், எலும்பைக் கரைக்கிற கலங்களைத் தூண்டிவிடும். எலும்புக்குள் குழி விழும். இதற்குத்தான் சிலிக்கோன் மூட்டுச்சவ்வு அழற்சி என்று பெயர்.

பொருள் நல்லது, தூள் கெட்டது என்ற இந்தப் பாடத்தை மருத்துவம் இடுப்பு மூட்டில் ஏற்கெனவே படித்திருந்தது. இங்கிலாந்தில் ஜோன் சார்ன்லி 1950களின் கடைசியில் இடுப்பு மூட்டுக்கு டெஃப்லோன் கிண்ணம் வைத்தார். ஒட்டாத சட்டியில் பூசுகிறார்களே, அதே டெஃப்லோன். துண்டாக இருந்தால் உடம்பு கண்டுகொள்ளாது. ஆனால் நடக்க நடக்க அது தேய்ந்து, தூளைச் சுற்றி இழையம் கட்டிகட்டியாக வளர்ந்தது, எலும்பு அரித்தது. சுமார் 300 பேருக்கு வைத்திருந்தார். அவர்களில் பெரும்பாலானோருக்கு மறுபடி திறக்க வேண்டி வந்தது. அடுத்த பொருளைத் தேடியபோது அவர் தன் தொடையிலேயே டெஃப்லோனையும் பொலித்தீனையும் வைத்துச் சோதித்துப் பார்த்தார். டெஃப்லோன் வைத்த இடம் வீங்கியது, பொலித்தீன் வைத்த இடம் பேசாமல் இருந்தது. 1962 நவம்பரில் அடர்ந்த பொலித்தீனுக்கு மாறினார்.

விரல் மூட்டிலும் அதே கதை மெதுவாக வெளியே வந்தது. 1974-ல் சிலிக்கோன் விரல் மூட்டைச் சுற்றி அந்நியப் பொருள் அழற்சி வந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். 1977-ல் இன்னொரு செய்தி: விரலில் வைத்த சிலிக்கோனின் துகள்கள் நிணநீர் வழியாகப் பயணப்பட்டு அக்குளில் போய் நெறி கட்டியிருந்தன. அக்குளில் நெறி கட்டினால் டொக்டர்களுக்கு முதலில் புற்றுநோய்ப் பயம்தான் வரும். எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இராட்சதக் கலங்களும், அவற்றின் வயிற்றுக்குள் பளபளக்கிற சிலிக்கோன் துகள்களும். புற்றுநோய் இல்லை. விரலில் தொடங்கிய தூள்.

எந்த மூட்டு என்பது முக்கியம்

பெரிய சேதம் வந்தது முட்டிகளில் இல்லை, மணிக்கட்டில். 1970களில் மணிக்கட்டின் சின்ன எலும்புகளையும் கட்டைவிரலின் அடியில் இருக்கிற எலும்பையும் எடுத்துவிட்டு அதே வடிவத்தில் சிலிக்கோன் கட்டைகளை வைத்தார்கள். அங்கே விரல் முட்டி மாதிரி ரப்பர் வெறுமனே மடிவதில்லை. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்குகிறது, உரசுகிறது. சின்ன வயசுக்காரர்களுக்கும், கையால் பாரமான வேலை செய்கிறவர்களுக்கும் கூட வைத்தார்கள். 1980களின் நடுப்பகுதிக்குள் எச்சரிக்கைகள் அடுக்கடுக்காக வரத் தொடங்கின. 1986-ல் பெய்மரும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரை அவற்றில் முக்கியமானது. எலும்புக் குழிகள், வீக்கம், நோவு. கட்டையை எடுத்து, சவ்வைச் சுரண்டி, குழிகளில் எலும்புத்தூள் நிரப்ப வேண்டி வந்தது. மணிக்கட்டு எலும்புகளுக்கு சிலிக்கோன் வைப்பது பெரும்பாலும் நின்றுபோனது. கட்டைவிரல் அடிமூட்டுத் தேய்வுக்கு இப்போது பழுதான எலும்பை எடுத்துவிட்டு அப்படியே விடுகிறார்கள், இல்லாவிட்டால் நோயாளியின் சொந்தத் தசைநாரைச் சுருட்டி அந்த இடத்தில் வைக்கிறார்கள். சொந்த நார் என்றால் தூள் பயம் இல்லை.

முடக்குவாதக்காரரின் முட்டிகளில் சுவான்சனின் மூட்டு இன்றும் நிலைத்திருக்கிறது. அங்கே அழற்சி வருவது குறைவு. காரணம் கொஞ்சம் கசப்பானது: முடக்குவாதத்தில் தளர்ந்துபோன கை அழுத்தமாக எதையும் செய்வதில்லை, அதனால் ரப்பர் தேய்வதும் குறைவு.

அதற்காக அது சாகாத பொருளும் இல்லை. 2003-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வைத்து சராசரி 14 வருஷம் ஆன 208 சிலிக்கோன் முட்டிகளைப் பார்த்தார்கள். 63 சதவீதம் முறிந்திருந்தன. பெரும்பாலும் எலும்பின் கூரான விளிம்பு ரப்பரில் சின்னக் கீறல் போடும், அந்தக் கீறல் மடிய மடிய நீளும். அதைத் தடுக்க வாலின் அடியில் டைட்டேனியம் வளையம் போடும் வழக்கமும் பிறகு வந்தது. இன்னோர் ஆய்வு அமெரிக்காவிலும் இங்கிலாந்திலுமாகச் சேர்ந்து செய்தது. ஒப்பரேஷன் செய்தவர்களையும் மருந்து மட்டும் எடுத்தவர்களையும் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். செய்தவர்களின் விரல்கள் நேராகின, கையின் பாவனை நன்றாகியது, கையைப் பார்க்க அவர்களுக்குச் சந்தோஷமாக இருந்தது. பிடியின் பலமும் கிள்ளுகிற பலமும் மட்டும் கூடவில்லை.

பெரியம்மாவின் கேள்விக்கான பதில் அந்தக் கடைசி வரியில் இருந்தது.

பதிலைச் சொன்னது

கையின் கணக்கு ஒன்றும் எங்களுக்கு உதவியது. விரல் நுனியில் ஒரு கிலோ பலத்தில் கிள்ளினால் கட்டைவிரலின் அடிமூட்டில் ஏறக்குறைய 12 கிலோ அழுத்தம் விழுகிறது என்று 1970களிலேயே கணக்கிட்டிருக்கிறார்கள். கட்டைவிரல் தள்ளுகிற அதே தள்ளல் ஆட்காட்டி விரலைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்க்கும். பெரியம்மாவின் விரல் எந்தப் பக்கம் சரிந்ததோ அதே பக்கம். அப்படியென்றால் ஒவ்வொரு கிள்ளும் புது மூட்டைப் பழைய கோணலுக்குத் திரும்பத் தள்ளுகிற ஒரு சின்னத் தள்ளல். சில ஆயிரம் தள்ளல், ஒரே நாளில்.

இஸ்தோப்பில் உட்கார்ந்து சொன்னோம். "பெரியம்மா, வச்சா விரல் நேராகும், நோவு குறையும், கோப்பை பிடிக்கலாம், பட்டன் போடலாம். ஆனா கொழுந்து எடுக்க ஏலாது. எடுத்தா ரப்பர் தேயும், தூள் எலும்ப அரிக்கும்." டஸ்ட் உதாரணத்தையும் சொன்னோம். ஃபெக்டரியில் கொஞ்ச நாள் வேலை செய்தவர், உடனே பிடித்துக்கொண்டார். "அப்ப இது வேலை செய்யிறதுக்கு வைக்கிற கை இல்ல. வாழுறதுக்கு வைக்கிற கை" என்றார். அதைவிடச் சரியாக எந்தக் கட்டுரையிலும் நாங்கள் வாசிக்கவில்லை.

ஆனால் முடிவு எடுப்பது அவ்வளவு சுலபம் இல்லை. அப்போது நாட்சம்பளம் 1,000 ரூபாய். 2024 செப்டம்பரில்தான் 1,350 ஆனது. அரைப்பேர் என்றாலும் அது வீட்டுக்கு வருகிற காசு. வேலையை விட்டால் சேமலாப நிதியை எடுக்கலாம், அது ஒரு தடவைதான் வரும். லயக் காம்பராவில் இருக்கிற உரிமை தோட்டத்தில் பெயர் இருப்பதோடு கட்டுண்டது என்ற பயம் வேறு. நாலு மாசம் யோசித்தார். பிள்ளைக்காம்பராவில் லேசான வேலை கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. கடைசியில் தம்பிக்கு வேலை நிரந்தரமான பிறகுதான், "சரி, நின்றுவிடுகிறேன்" என்று சொன்னார். ஒப்பரேஷனைத் தீர்மானித்தது டொக்டரும் இல்லை, சிலிக்கோனும் இல்லை. இன்னொரு சம்பளம்.

ஆறு கிழமை

ஒப்பரேஷனுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லை. மூட்டுகளை மட்டும் வெளியில் வாங்கித் தரச் சொன்னார்கள், அம்மா குவைத்திலிருந்து அனுப்பினார்.

முன்பு சொன்னோமே, மூட்டைக் கட்டுவது உடம்பின் உறைதான் என்று. அந்த உறை இறுகுவது ஒப்பரேஷனுக்குப் பிறகு வருகிற ஆறு முதல் எட்டுக் கிழமைகளில். அந்தக் காலத்தில் விரல் எந்தத் திசையில், எவ்வளவு தூரம் அசைகிறதோ அந்த அளவுக்குத்தான் உறை இடம் விட்டு வளரும். அசைக்காமல் வைத்தால் இறுகிவிடும். கோணலாக அசைத்தால் கோணலாகவே கட்டும். அதனால்தான் ரப்பர் பட்டி பூட்டிய ஒரு சிம்பைக் கையில் கட்டி, ஒரு நாளைக்குப் பல தடவை மடக்கி நீட்டச் சொல்கிறார்கள். ஒப்பரேஷன் ஒரு சில மணித்தியாலம். மூட்டு உண்மையில் செய்யப்படுவது வீட்டில், அந்தக் கிழமைகளில்.

இந்தப் பாடத்தில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் போல் பிராண்ட் 1940களின் கடைசியிலிருந்து தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநார் மாற்றி ஒப்பரேஷன் செய்தார். விரல்கள் விரிந்தன. ஆனால் சரியாக்கிய கையோடு அந்த மனுஷன் எங்கே போவான், என்ன வேலை செய்வான் என்ற கேள்வி வந்தது. அதற்காகவே அங்கே நவஜீவ நிலையம் என்று ஒரு குடியிருப்பை அமைத்து, கையைக் காயப்படுத்தாமல் வேலை செய்யப் பழக்கினார்கள். கைக்கு ஒப்பரேஷன் பாதிதான், மீதிப் பாதி அந்தக் கை திரும்பிப் போகிற வாழ்க்கை.

பெரியம்மாவின் கை திரும்பி வந்த இடம் லயம். தண்ணீர் பீலியில் பிடித்து வாளியில் தூக்க வேண்டும். விறகு பிளக்க வேண்டும். சிம்பு நனையக்கூடாது, கொட்டகலையிலோ மழை விடாது. பிசியோவுக்குக் கிழமைக்கு ஒரு தடவை போகச் சொன்னார்கள். விடிய முன் பஸ் ஏறினால் இருட்டினதும் திரும்பலாம், கூட ஒரு ஆள் போக வேண்டும். நாங்கள் மாறி மாறிப் போனோம். பக்கத்து வீட்டு அக்கா தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். பிசியோ மிஸ் காட்டிய பயிற்சிகளைப் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டோம். ஒரு கட்டத்தில் பெரியம்மாவே மற்ற நோயாளிகளுக்கு அதைக் காட்டத் தொடங்கினார். எட்டாவது கிழமை தன் கையாலேயே தலை சீவிக்கொண்டார்.

இத்தனை பேர் கூட நிற்க முடியாத ஒரு வீட்டில் அதே ஒப்பரேஷன், அதே சிலிக்கோன், அதே டொக்டர் என்றாலும் வேறு மாதிரி முடிந்திருக்கும். அதைப் "பொருள் சரியில்லை" என்று எழுதியிருப்பார்கள்.

நோவு இல்லாத நோய்

ஆறு மாசத்துக்குப் பிறகு, "நோவு வந்தா வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த திகதி கொப்பியில் எழுதப்படவில்லை. எங்களுக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். ஏனென்றால் சிலிக்கோன் அழற்சியின் குணமே அது: எலும்பில் குழி விழத் தொடங்கி வெகுநாள் வரைக்கும் நோவு இல்லாமல் இருக்கலாம். எக்ஸ்ரேயில் தெரியும், கைக்குத் தெரியாது. நோவு வரும்போது எலும்பு நிறையப் போயிருக்கும். "நோவு வந்தா வாங்க" என்பது மற்ற எத்தனையோ விஷயத்துக்குச் சரி, இதற்கு மட்டும் சரியில்லை.

பெரியம்மாவும் அதையேதான் சொன்னார்: "நோவு இல்லையே புள்ள, எதுக்கு போய் ஒரு நாள கெடுக்கணும்?" தோட்டத்தில் உடம்பு என்பது நோவு வந்தால்தான் ஞாபகம் வருகிற ஒன்று. நாங்கள் விடவில்லை. ஒரு வருஷம் ஆனதும் இங்கே பக்கத்திலேயே எக்ஸ்ரே எடுத்தோம். நடு விரல் முட்டியின் எலும்பு ஓரத்தில் ஒரு சின்னக் குழி தெரிந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் நெஞ்சு அடைத்தது.

பார்த்த டொக்டர், "பழைய படம் இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. பெரியம்மா ஒப்பரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த எல்லாப் படங்களையும் சேலை வைக்கிற பெட்டிக்கு அடியில் தட்டையாக வைத்திருந்தார். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அந்தக் குழி பழைய படத்திலேயே இருந்தது, அதே அளவில். முடக்குவாதமே எலும்பில் குழி போடும். புதுக் குழி சிலிக்கோனால் வந்ததா, பழைய நோயால் வந்ததா என்று ஒரு படத்தை மட்டும் பார்த்துச் சொல்வது கஷ்டம். வளர்கிறதா இல்லையா என்பதுதான் துப்பு. அதற்குப் பழைய படம் வேண்டும். பெட்டிக்கு அடியில் இருந்த அந்த உறை இல்லாவிட்டால், எங்களுக்கு வீண் பயமோ வீண் ஒப்பரேஷனோ கிடைத்திருக்கும்.

பயத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். லயத்தில் கொஞ்சப் பேர் "பிளாஸ்டிக் வச்சா கென்சர் வரும்" என்றார்கள், போனிலும் அப்படி வீடியோக்கள் சுற்றுகின்றன. அந்தப் பேச்சின் வேர் பெரும்பாலும் மார்பக சிலிக்கோன் வழக்குகள். அந்த வழக்குகளின் பாரத்தில்தான் 1995-ல் டவ் கோர்னிங் வங்குரோத்து மனு போட்டது. 1999-ல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் குழு எல்லா ஆய்வுகளையும் பார்த்து, சிலிக்கோன் உடம்பு முழுக்கப் பரவுகிற நோய்களைத் தருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை, அது இருக்கிற இடத்தில் வருகிற பிரச்சினைகள்தான் உண்மையான கவலை என்றது. விரல் மூட்டிலும் கவலைப்பட வேண்டியது அந்த இடத்தைத்தான்: முறிவு, தூள், எலும்புக் குழி, சில பேருக்கு அக்குளில் நெறி. உள்ளதுக்குப் பயப்படுவோம். இல்லாததுக்குப் பயந்து, தேவையான ஒப்பரேஷனை ஒருவர் வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது.

கிளினிக் கொப்பியில் எழுதிக்கொள்ள

உங்கள் அம்மாவுக்கோ அத்தைக்கோ இப்படி ஒரு மூட்டை யாராவது சொன்னால், வரிசையில் நிற்கும்போதே இவற்றை எழுதிக்கொண்டு போங்கள். சிங்களத்திலும் எழுதி வைத்துக்கொண்டால் நேரம் மிச்சம்.

எந்த மூட்டு? விரல் முட்டியா, கட்டைவிரல் அடியா, மணிக்கட்டா? முட்டி இல்லை என்றால், சொந்தத் தசைநாரில் செய்ய முடியாதா என்று கேளுங்கள்.

என்ன வேலை செய்கிறவர் என்பதை நீங்களே சொல்லுங்கள். "தோட்டத்தில் வேலை" என்று சொன்னால் போதாது. எத்தனை கிலோ, எத்தனை மணித்தியாலம், எந்த விரலால் என்று செய்து காட்டுங்கள். கொழுந்து எடுப்பதைப் பார்த்திராத டொக்டர்கள் நிறையப் பேர்.

பிசியோ எங்கே, எத்தனை கிழமை, வீட்டில் தண்ணீரும் விறகும் யார் பார்ப்பது? இதற்குப் பதில் இல்லாமல் ஒப்பரேஷன் திகதி வாங்காதீர்கள்.

முதல் எக்ஸ்ரே படங்களைக் கேட்டு வாங்கி வையுங்கள். கணினியில் பார்த்தார்கள் என்றால் பிரதி கேளுங்கள். நோவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடுத்த எக்ஸ்ரே எப்போது என்று கொப்பியில் திகதி போடச் சொல்லுங்கள். நேராக இருந்த விரல் திடீரென்று சரிந்தால், மூட்டு சூடாக வீங்கினால், அக்குளில் நெறி கட்டினால் திகதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

பெரியம்மாவின் அடுத்த படம் வருகிற தை மாசம். பொங்கல் முடிந்து அடுத்த செவ்வாய் என்று கலண்டரில் வட்டம் போட்டிருக்கிறோம்.